இசை நாடகத்துக்குச் சனம் வர பிரபலம் ஒருவர் கட்டாயம் வேண்டுமா?

கீரிமலைக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு இசை நாடகம் போட ஆயத்தம் நடக்கிறது. புராணக் கதை இல்லை. 1990இல் ரயில் நின்றுபோவதற்கு முந்தைய காலத்தில், கொழும்பு யாழ்ப்பாணம் ஓடின யாழ்தேவி ரயிலின் பெட்டி ஒன்றுக்குள்ளேயே முழுக்க நடக்கிற கதை. பத்துப் பாட்டு, எல்லாம் புது மெட்டு. பின்னால் பாட்டை ஓடவிட்டு வாயசைக்கிற வேலை கிடையாது, நடிக்கிறவர்களே மேடையில் பாடுவார்கள், பக்கத்தில் ஹார்மோனியம், வயலின், மிருதங்கம், கீபோர்ட். நடிகர்கள் எல்லோரும் உள்ளூர்ப் பிள்ளைகள், முப்பது பேர் வரும். பாட்டு வடிவாக வந்திருக்கிறது, அதில் எனக்குக் கவலை இல்லை. சண்டை எல்லாம் ரிக்கெற்றில் வந்து நிற்கிறது.

குழுவில் பாதிப் பேர், சென்னையிலிருந்து ஒரு பின்னணிப் பாடகரையோ, குறைந்தபட்சம் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் முகம் தெரிந்த ஒருவரையோ கதாநாயகனாகப் போடாவிட்டால் மண்டபம் காற்று வாங்கும் என்கிறார்கள். லண்டனைப் பார், நியூயோர்க்கைப் பார், சினிமா முகம் இல்லாமல் அங்கேயே ஒன்றும் ஓடுவதில்லை, நீங்கள் எந்த மூலைக்கு என்று கேட்கிறார்கள். மற்றப் பாதி, அந்தக் காசை ஒளிக்கும் காட்சி அமைப்புக்கும் போடலாம் என்கிறது. நான் இரண்டு பக்கமும் தலையாட்டி அலுத்துவிட்டேன். இடம் திருவள்ளுவர் கலாசார மைய மண்டபம், 600 கதிரை, ரிக்கெற் ஆயிரம் ரூபா, இரண்டு இரவு. வெளிநாட்டில் உண்மையில் என்ன நடக்கிறது, இங்கே என்ன நடக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. உள்ளூர்க் கலையை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் வேண்டாம், அதைக் கூட்டத்தில் போதிய அளவு கேட்டாயிற்று.

ஸ்காபரோ மருமகன்:

அக்கா, லண்டன் நியூயோர்க் கதையை உங்கள் ஆட்கள் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

பிரபலம் வந்தால் காசு வரும் என்பது உண்மை, அதை மறுக்க ஏலாது. 2022இல் ‘ஃபன்னி கேர்ள்’ இசை நாடகம் நியூயோர்க்கின் பெரிய அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் திரும்ப மேடையேறியது. முதலில் கதாநாயகி பீனி ஃபெல்ட்ஸ்டீன், வசூல் இறங்கிக்கொண்டே போனது. செப்டெம்பரில் லியா மிஷெல் வந்தார். அதே கதை, அதே பாட்டு, அதே மண்டபம், ஆனால் வார வசூல் இரண்டு மில்லியன் டொலரைத் தாண்டியது, போட்ட முதலும் திரும்பி வந்தது. இதைத்தான் எல்லோரும் உதாரணமாகக் காட்டுவார்கள். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: ஃபெல்ட்ஸ்டீனும் சினிமாவில் தெரிந்த முகம்தான். பிரபலத்தை எடுத்துவிட்டு இன்னொரு பிரபலத்தைப் போட்டார்கள். மிஷெல் சின்ன வயதிலிருந்தே மேடையில் வளர்ந்தவர், அந்த நாடகத்தின் பாட்டுகளைத் தொலைக்காட்சித் தொடரில் ஏற்கெனவே பாடிக் காட்டியவர். அந்தப் பாட்டை அந்தக் குரலில் கேட்கத்தான் சனம் காசு கொடுத்தது. வெறும் முகத்துக்கு என்றால் முதல் ஆளுக்கே கொடுத்திருக்கும்.

அடுத்தது ‘த மியூசிக் மேன்’, ஹியூ ஜாக்மன் நடித்தது. 2021 டிசம்பர், ஒமிக்ரோன் காலம். 23ஆம் திகதி கதாநாயகி சட்டன் ஃபொஸ்டருக்குக் கொரோனா. அங்கே ‘ஸ்விங்’ என்று ஒரு ஆள் வகை உண்டு, பல பாத்திரங்களைப் பாடம் பண்ணி வைத்துக்கொண்டு யார் விழுந்தாலும் ஏறத் தயாராக நிற்பவர்கள். கதி வொய்ட்கோ என்று ஒருவர், அன்று மதியம்தான் அவருக்குச் சொன்னார்கள், பின்னேரம் சும்மா ஒரு ஒத்திகை, இரவு கதாநாயகியாக முழு நாடகத்தையும் நடித்து முடித்தார். முடிவில் ஜாக்மன் அவரை முன்னுக்கு இழுத்து நிறுத்திப் பேசிய பேச்சு இணையம் முழுக்கச் சுற்றியது. அதற்குச் சில நாள் கழித்து ஜாக்மனுக்கே கொரோனா வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா, சில நாள் காட்சிகளையே ரத்துச் செய்தார்கள். அவருக்கும் மாற்று ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? சனம் வாங்கியது ஜாக்மனுக்கான ரிக்கெற். 2023 ஜனவரியில் அவர் விடைபெற்ற அன்றே நாடகத்தையும் மூடினார்கள், வேறு ஆளைப் போட்டு ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை.

‘த புரொடியூசர்ஸ்’ இன்னும் பழைய பாடம். 2001இல் நேதன் லேன், மத்தியூ புரொடெரிக் இருவரும் நடித்து, பிராட்வேயின் பெரிய விருதான டோனி 12 வாங்கியது. 2002 மார்ச்சில் அவர்கள் போனதும் வசூல் தளர்ந்தது. 2003 கடைசியில் சில மாதத்துக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். 2007இல் 2,502 காட்சியோடு முடிந்தது. குறைவான எண்ணிக்கை இல்லைத்தான், ஆனால் ‘த ஃபான்டம் ஒஃப் த ஒபரா’ 1988இல் தொடங்கி 2023 ஏப்ரலில்தான் மூடியது, 13,981 காட்சி. இடையில் எத்தனை பேர் அந்த முகமூடியைப் போட்டார்கள் என்பது ரசிகர்களைத் தவிர யாருக்கும் ஞாபகம் இராது. ‘த லயன் கிங்’ 1997இலிருந்து இன்னும் ஓடுகிறது, அதில் நடிகரின் முகத்தைவிடத் தலைக்கு மேல் இருக்கும் மிருக முகம்தான் கண்ணுக்குத் தெரியும். ‘ஹமில்டன்’ 2015இல் வந்தபோது அதில் சினிமா நட்சத்திரம் எவரும் இல்லை. எழுதி நடித்த லின் மனுவல் மிரண்டா 2016 ஜூலையில் விலகினார். நாடகம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் கணக்கு இதுதான். குறைந்த நாளில் காசைப் பொறுக்கிக்கொண்டு போவதென்றால் பெரிய பெயர் உதவும். 2025இல் ஜோர்ஜ் குளூனி, டென்சல் வாஷிங்டன் நடித்தவை அப்படித்தான் அள்ளின, அவை பாட்டில்லாத நாடகங்கள், சில வாரத்து வேலை. வாரத்துக்கு எட்டுக் காட்சி, வருடக்கணக்கில் என்றால் பெயர் ஒரு கண்ணி. கொரோனாவுக்குப் பிறகு பிராட்வேக்கு வந்த 46 புது இசை நாடகங்களில் மூன்றுதான் இலாபம் பார்த்தன என்று 2025இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது: ‘சிக்ஸ்’, ‘எம்ஜே’, ‘அண்ட் ஜூலியட்’. மூன்றும் நடிகர் பெயரைச் சொல்லி ரிக்கெற் விற்றவை இல்லை. ஆனால் ‘எம்ஜே’ மைக்கல் ஜாக்சன் பாட்டு, ‘அண்ட் ஜூலியட்’ எல்லோரும் வானொலியில் கேட்டுச் சலித்த பொப் பாட்டு, ‘சிக்ஸ்’ இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிமாரின் கதை. ஆக, சனத்துக்கு முன்கூட்டியே தெரிந்த ஏதாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அது ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நெல்லியடி அக்கா:

தம்பி எழுதினதை முழுக்க வாசித்தேன், நல்ல விஷயம். ஆனால் அவர் கடைசியில் சொன்ன இடத்திலேயே என் கேள்வியும் இருக்கிறது. உங்கள் நாடகத்தில் சனத்துக்கு முன்கூட்டித் தெரிந்தது என்ன? கதை புதிது, பாட்டு புதிது, பிள்ளைகள் புதிது. நான் வேலை முடிந்து வந்து, சமைத்து, ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு நெல்லியடியிலிருந்து ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் வந்து, ஆளுக்கு ஆயிரம் கொடுத்து, பிறகு திரும்பிப் போக வாகனம் தேடித் தவிக்க வேண்டும். எந்த நம்பிக்கையில்? ஒரு பாடகரின் பெயர் இருந்தால், நாடகம் சொதப்பினாலும் அந்த மனிசன் மூன்று பாட்டாவது ஒழுங்காகப் பாடும் என்று தெரியும். பெயர் என்றால் பொறுப்புக்கு ஆள் நிற்கிறது என்று அர்த்தம். இதை மோகம், அடிமைப்புத்தி என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இலவச அழைப்பிதழில் முன்வரிசைக்கு வருகிறவர்கள்.

பண்ணைப்பாலம்:

2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரன் நிகழ்ச்சிக்கு வந்த சனத்தை மறந்துவிட்டீர்களா? தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, நிகழ்ச்சியையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது. பிரபலம் சனத்தை இழுக்கும், சந்தேகமே இல்லை. இழுத்த சனம் ரிக்கெற் வாங்கிக்கொண்டு வரும் என்று யார் சொன்னது?

மயானகாண்ட ரசிகன்:

தங்கச்சி, லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போகமுதல் காங்கேசன்துறைக்குப் போய்வரலாமே. நடிகமணி வி. வி. வைரமுத்துவுக்கு எந்தப் படம் பெயர் வாங்கிக் கொடுத்தது? வசந்த கான சபாவை வைத்துக்கொண்டு, கொட்டகைக் கூத்து என்கிற எங்கள் பழைய இசை நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன மனிசன். ‘மயான காண்டம்’ ஆயிரக்கணக்கான தடவை மேடையேறியது என்று சொல்வார்கள். கதை தெரியாத ஆள் கூட்டத்தில் ஒருத்தரும் இல்லை. சுடலை காக்கிற அரிச்சந்திரன், செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த சொந்தப் பெண்சாதியிடமே கால் பணமும் முழத் துண்டும் கேட்பான், அவளுக்கு அதற்கும் வழி இல்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விடியுமட்டும் பாயில் இருந்து பார்த்து, அந்த இடம் வரும்போது திரும்பவும் அழும். வைரமுத்து வாறாராம் என்றால் அடுத்த ஊர்ச் சனமும் வரும். அவர் நட்சத்திரம்தான், ஆனால் மேடையே உண்டாக்கின நட்சத்திரம். கடனுக்கு வாங்கி வந்தது இல்லை.

அதற்காக, அந்தக் காலத்தில் பெயர் பார்க்காமல் போனார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டு நாடகப் பாடகர்கள் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பில் சேர்ந்து மேடையேறியதை என் தகப்பனார் தலைமுறை கதைகதையாகச் சொல்லும். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். கிட்டப்பா 1933இல் முப்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார், அந்த அம்மா அதற்குப் பிறகு ஆண் ஒருவரோடும் ஜோடி போட்டு நடிக்கவே இல்லை. அந்த ஜோடியை நம்பி ஓடின நாடகமெல்லாம் அதோடு சரி. அதே காலத்திலேயே நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனி காட்சி ஜோடனைக்குப் பெயர் எடுத்தது. தசாவதாரத்தில் தந்திரக் காட்சி பார்க்கவென்றே சனம் போனது, யார் எந்த அவதாரம் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆகவே இரண்டு வழியும் எங்களிடம் பழையது.

இன்னொரு விஷயம். எங்கள் ஊரில் நாடகத்துக்குக் காசு கொடுத்தது பெரும்பாலும் பார்க்கிற சனம் இல்லை, கோயில் திருவிழா உபயகாரர். அவர் சபையைப் பேசி எடுப்பார், ஊர் சும்மா இருந்து பார்க்கும். அதனால் வைரமுத்துவின் பெயர் உபயகாரருக்குத்தான் விற்பனையானது: என் திருவிழாவுக்கு நான் அவரைக் கூப்பிட்டேன் என்ற பெருமை. நீங்கள் இப்போது கேட்பது அது இல்லை, ஆயிரம் ரூபாப்படி ஒவ்வொரு தலையிடமும் வாங்குகிற வேலை. ரிக்கெற் வாங்கிப் பழக்கமில்லாத சனத்திடம் ரிக்கெற் விற்கப்போகிறீர்கள், பிரபலம் அதற்குப் பிறகு வருகிற பிரச்சினை.

ஒலிபெருக்கிக்காரன்:

இந்த இழையில் காசைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள், கணக்கை ஒருத்தரும் போடவில்லை. நான் ஒலி ஒளி வாடகைக்குக் கொடுக்கிறவன், எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

600 கதிரை, 1000 ரூபா, ஒன்றும் மிச்சமில்லாமல் விற்றாலும் ஒரு இரவுக்கு 6 இலட்சம், இரண்டு இரவுக்கு 12. விற்காது. முன்வரிசைகள் பிரமுகருக்கும் அனுசரணையாளருக்கும் போகும், நடிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பனிடம் காசு கேட்க உங்களுக்கு வாய் வராது. மிஞ்சினதில் மண்டப வாடகை, ஒலி, ஒளி, உடுப்பு, மேக்கப், ஒத்திகைக்குத் தேத்தண்ணி வடை (சிரிக்க வேண்டாம், முப்பது பிள்ளைக்கு மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கோ), வாத்தியக்காரர். இதற்குள் சென்னையிலிருந்து ஒருவர். இப்போது பலாலிக்கே விமானம் வருகிறது, பயணம் பெரிய சோலி இல்லை. அவர் தனியே வரமாட்டார், கூட இரண்டு பேர் வருவார்கள், நல்ல ஹோட்டல் வேண்டும், அதெல்லாம் போக அவருடைய சம்பளம். 600 கதிரை மண்டபம் அந்தச் சம்பளத்தைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி, கலை எல்லாம் பிறகு. பெரிய பெயர் திறந்தவெளிக்குச் சரி, அங்கே பல ஆயிரம் பேருக்கு விற்கலாம். சின்ன மண்டபத்தில் எண்ணிக்கை கூட்ட இடமில்லை, விலையைத்தான் கூட்டலாம், விலையைக் கூட்டினால் நெல்லியடி அக்கா வரமாட்டா.

இப்படி ஒரு பிரபலம் வந்து நடித்த மேடை ஒன்றுக்கு நான் ஒலி செய்தேன், ஊரும் பேரும் வேண்டாம். பிள்ளைகள் மாதக்கணக்காக ஒத்திகை பார்த்திருந்தார்கள். அவர் அன்று பின்னேரம் வந்து இறங்கினார், ஒலிச்சோதனைக்கு அரை மணித்தியாலம், பென் டிரைவில் பாட்டுகளைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். வாத்தியக்காரர் நாலு பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அவருக்கு வசனம் பாடமில்லை, மேடையில் எந்தப் பக்கத்தால் போவது என்றும் தெரியாது, அவருடைய பாட்டு நடக்கும்போது பிள்ளைகள் பின்னால் கதியால் நட்ட மாதிரி வரிசையாக நின்றார்கள். சனம் கைதட்டியது, விசிலடித்தது. ஆனால் அவருடைய கடைசிப் பாட்டு முடிந்ததும் பாதி மண்டபம் எழும்பிவிட்டது, நாடகம் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கதாநாயகி பாடின சோகப் பாட்டில் கதிரைகள் மடங்குகிற சத்தம்தான் என் மைக்கில் விழுந்தது.

உங்களுக்கு ரிக்கெற் விற்கப்போவது அந்த முப்பது பிள்ளைகள்தான். ஒரு பிள்ளை மேடையில் நின்றால் அம்மம்மா, பெரியம்மா, மாமா, ரியூஷன் மாஸ்டர், பக்கத்து வீடு எல்லாம் வரும். ஆளுக்கு ஒரு ரிக்கெற் புத்தகம் கொடுங்கோ. அப்புறம் விழா மலர்ப் புத்தகம் ஒன்று போட்டு விளம்பரம் சேருங்கோ, இங்கே நாடகத்தில் நட்டம் வராமல் காப்பாற்றுவது பெரும்பாலும் மலர்தான். நகைக்கடையும் புடவைக்கடையும் பின்னட்டைக்குக் கொடுக்கிற காசு ஐம்பது ரிக்கெற்றுக்குச் சமன்.

நெல்லியடி அக்கா:

ஒலிபெருக்கித் தம்பி, உங்கள் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், சென்னைப் பாடகர் 600 கதிரைக்குக் கட்டாது. ஆனால் உங்கள் அம்மம்மா, பெரியம்மா எல்லோரும் முதல் இரவே வந்துவிடுவார்கள். இரண்டாம் இரவுக்கு யார்? சொந்தக்காரரை வைத்து ஓட்டினால் அது பாடசாலை விழா. முன்பின் தெரியாத ஆள் காசு கொடுத்து உள்ளே வந்தால்தான் நாடகம் ஓடியது என்று சொல்லலாம். அந்த ஆளை எது கூட்டிவரும்? அதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கீரிமலைக்காற்று:

அக்காவின் கேள்விதான் எங்களுடையதும். இரண்டாம் இரவை நினைத்துத்தான் எங்கள் ஆட்கள் பிரபலம் பிரபலம் என்று நிற்கிறார்கள். இன்னொரு யோசனையும் இருக்கிறது: ஒரு இரவுக்கு மட்டும் பிரபலம், மற்ற இரவுக்கு எங்கள் பொடியன். இது சரிவருமா?

ஸ்காபரோ மருமகன்:

வேண்டாம் அக்கா. 2017இல் ‘ஹலோ டொலி’யில் பெட் மிட்லர் நடித்தபோது கிழமையில் ஒரு நாள் டொனா மர்ஃபி நடித்தார். அவரே டோனி விருது வாங்கின பெரிய நடிகை. அப்படியிருந்தும் மிட்லர் விடுமுறையில் நின்ற நாட்களில் வசூல் விழுந்தது. ஒரே சுவரொட்டியில் இரண்டு இரவைப் போட்டு, ஒன்றில் பிரபலம் மற்றதில் இல்லை என்றால், மற்றது மலிவுச் சரக்கு என்று நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பொடியனுக்கும் மனம் விட்டுப்போகும்.

கூத்தாடி மாஸ்டர்:

நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றினார். நடித்தவர்கள் பெரும்பாலும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், முகம் தெரிந்த ஆட்கள் இல்லை. பெரும்பாலும் பாட்டில் போகிற நாடகம், எங்கள் நாட்டுக்கூத்தோடு உறவுள்ள ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து வடிவத்தை எடுத்துச் செய்தது. எத்தனையோ தலைமுறை நடிகர்கள் மாறி இன்றைக்கும் அதைப் போடுகிறார்கள், சனம் காசு கொடுத்துப் பார்க்கிறது. அதில் நடித்தவர்கள் நாடகத்தால் பெயர் எடுத்தார்கள். நாங்கள் தமிழில் இப்படி ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகவில்லை என்பது என் மனக்குறை. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று கூத்தைச் செம்மைப்படுத்தி மேடைக்குக் கொண்டுவந்தார், பெரிய சாதனை, ஆனால் அது பல்கலைக்கழக முயற்சி. ரிக்கெற் விற்றுத் தானே தன் காலில் நிற்கிற அரங்கு ஒன்று அதிலிருந்து முளைக்கவில்லை. இரண்டு இரவு போடுவோம், படம் எடுப்போம், பொன்னாடை போர்த்துவோம், அதோடு முடிந்தது. இரண்டு இரவுக்கு மட்டும் என்று நினைக்கிறபோதுதான் பிரபலம் தேவைப்படுகிறது, ஏனென்றால் பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொல்ல நேரமில்லை. வெள்ளி சனி என்று அடுத்தடுத்துப் போடாமல், முதல் காட்சிக்கும் இரண்டாம் காட்சிக்கும் இடையில் இரண்டு கிழமை விடுங்கோ. நெல்லியடி அக்கா கேட்ட தெரியாத ஆளுக்கு முதல் இரவு பார்த்த பெரியம்மா சொல்லட்டும்.

இரண்டாவது, காத்தவராயன் கூத்தைப் பாருங்கோ. வடமராட்சியில் அதற்கு இன்றைக்கும் சனம் விடியவிடிய இருக்கும். அதில் காத்தானாக ஒரு ஆள் மட்டும் நடிப்பதில்லை, முற்காத்தான், பிற்காத்தான் என்று ஆள் மாறி மாறி வரும். ஒருவர் ஆடிக் களைத்து உள்ளே போக மற்றவர் அதே சிந்து நடையோடு சபைக்கு வருவார், காத்தான் மாறிவிட்டான் என்று சபையில் ஒருத்தரும் குழம்புவதில்லை. அமெரிக்காவில் ஜாக்மனுக்குக் காய்ச்சல் வந்தபோது சில நாள் நாடகம் நின்றது, இங்கே காத்தானுக்குத் தொண்டை கட்டினால் அடுத்த காத்தான் தயாராக நிற்கிறான். உங்கள் பத்துப் பாட்டையும் கதாநாயகன் ஒருவன் தலையில் கட்டாமல் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பெரிய பாத்திரத்துக்கும் இரண்டு பிள்ளைகளைப் பழக்குங்கோ. ரயில் பெட்டிக் கதை அதற்கு வசதியாகத்தான் இருக்கும், ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோருக்கும் பாட்டு இருக்கலாம்.

பாட்டுப் புதிது என்ற பிரச்சினைக்குத்தான் நான் உண்மையில் எழுத வந்தேன். புதிதாக இருக்கிற பாட்டை மண்டபத்துக்குள் வந்துதான் முதன்முதல் கேட்க வேண்டும் என்று ஏன் பூட்டி வைக்கிறீர்கள்?

ஸ்காபரோ மருமகன்:

மாஸ்டர் சொன்னதற்கு ஒரு உதாரணம். 2025 கோடையில் லண்டன் பலேடியம் அரங்கில் ‘எவிற்றா’ போட்டார்கள், ரேச்சல் செக்லர் நடித்தது. அந்த நாடகத்தின் மிகப் பிரபலமான பாட்டை அவர் மேடையில் பாடவில்லை, அரங்கின் வெளிப் பலகணியில் நின்று தெருவில் நின்ற சனத்துக்குப் பாடினார். உள்ளே காசு கொடுத்து இருந்தவர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள். இவ்வளவு காசு கொடுத்த எங்களுக்குத் திரை, தெருவில் நிற்கிறவனுக்கு நேரடியா என்று புறுபுறுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு இரவும் தெரு நிறைந்தது, ஆயிரம் தொலைபேசியில் படம் ஏறியது. அது பிரபலமும் வெளியே பாடின பாட்டும் சேர்ந்து செய்த வேலை. உங்களால் இரண்டாவதைச் செய்யலாம், காசு செலவில்லை.

ஒலிபெருக்கிக்காரன்:

யாழ்தேவிக் கதையை வைத்துக்கொண்டு ஏன் பலகணி தேடுகிறீர்கள்? யாழ்ப்பாணம் ரயில் நிலைய மேடை இருக்கிறதே. கொழும்பிலிருந்து ரயில் வந்து நிற்கிற நேரம், பெட்டியிலிருந்து இறங்குகிற ஆட்களோடு ஆட்களாகப் பிள்ளைகளும் இறங்கிப் பாடட்டும். ஒரு பாட்டு, நாலு நிமிடம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கோ, பாதுகாப்புக்காரருக்கும் சொல்லி வையுங்கோ. பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், பற்றரியில் ஓடுகிற சின்னப் பெட்டி ஒன்று நான் தருகிறேன், வாடகை இல்லை. ஹார்மோனியத்துக்கு மட்டும் ஒரு மைக், பிள்ளைகள் வாயால் பாடட்டும், அந்தக் கூரைக்குள் குரல் நல்லா எடுபடும். நல்லூர்த் திருவிழாக் காலம் என்றால் வெளிநாட்டிலிருந்து வருகிற சனமும் அதே ரயிலில்தான் வரும்.

கீரிமலைக்காற்று:

இதை வாசித்துவிட்டுக் குழுவில் இருக்கிற இரண்டு பேருக்கு உடனே அழைப்பெடுத்தேன். பாட்டுப் பிரிப்பது பற்றி: பத்தில் ஏழு பாட்டுக் கதாநாயகனிடம்தான் இருக்கிறது. மாஸ்டர், அதில் மூன்றை வேறு பயணிகளுக்கு மாற்றலாம் என்று பாட்டு எழுதினவர் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். இரண்டு காட்சிக்கும் இடையில் இரண்டு கிழமை விடுவதுதான் சிக்கல், மண்டபத் திகதி கிடைக்க வேண்டும், பிள்ளைகளில் கனபேருக்குச் சோதனை வருகிறது. அதைப் பார்க்கிறோம். சென்னை ஆள் விஷயம் இன்னும் முழுக்க முடியவில்லை, பொருளாளர் ஒருவர் விடாப்பிடியாக நிற்கிறார், ஒலிபெருக்கி அண்ணை போட்ட கணக்கை அப்படியே படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். ரயில் நிலையத்துக்கு எந்தப் பாட்டு என்று இப்போது புதுச் சண்டை தொடங்கிவிட்டது.

மயானகாண்ட ரசிகன்:

சோகப் பாட்டைப் போடாதேங்கோ. ரயிலால் இறங்கினவனுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். முதல் காட்சிப் பாட்டு, கெதியான தாளம், நாலு நிமிடத்தை மூன்றாகக் குறையுங்கோ.

நெல்லியடி அக்கா:

ரயில் நிலையத்தில் பாடினதை வீடியோ எடுத்து இங்கே போடுங்கோ, முகப்புத்தகத்தில் ஐந்து செக்கன் துண்டு போடாமல் முழுப் பாட்டையும். கேட்டுவிட்டு இரண்டாம் இரவுக்கு ஐந்து ரிக்கெற் எடுக்கிறதா இல்லையா என்று சொல்கிறேன். திரும்பிப் போக நெல்லியடிப் பக்கம் ஒரு பஸ் ஒழுங்கு செய்தீர்கள் என்றால் பத்து.